60 புள்ளி, எத்தனை ஷாட்டில்? கூடைப்பந்து பாக்ஸ் ஸ்கோரைப் படிப்பது எப்படி

டர்பனில் இருந்துகொண்டு அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தைப் பின்தொடர்வது கொஞ்சம் சிரமமான வேலை. அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் வரும். மறுநாள் பள்ளி இருக்கிறது, வேலை இருக்கிறது. அதனால் நம்மில் பெரும்பாலோர் ஆட்டத்தையே பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் போனில் இரண்டு நிமிட வீடியோ, கூடவே ஒரு வரி: இவர் இத்தனை புள்ளி, அவர் அத்தனை புள்ளி. அன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. பிரியாணித் தட்டில் பருப்பை ஊற்றிக்கொண்டே அக்கா மகன் ஆரம்பித்தான். "மாமா, கோபி பிரையன்ட் கடைசி ஆட்டத்துல அறுபது போட்டாரு. அறுபது போட்டவரு சுமாரா ஆடினாருன்னு சொல்ல முடியுமா?" அத்தான் விடவில்லை. "அம்பது தடவை எறிஞ்சா நான்கூடப் போடுவேன்." அரை மணி நேரம் அப்படியே போனது. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் இருவரும் ஆளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்க மறுத்தார்கள். கூடைப்பந்துப் புள்ளிவிவரம் என்றாலே இந்தக் குழப்பம்தான். அதனால் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். கூடைப்பந்து ஒரு தடவைகூடப் பார்க்காதவரும் பின்தொடரலாம்.

கிரிக்கெட்டில் நாம் செய்வதுதான்

2006 மார்ச் 12, ஜோகனஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானம். நம் வீடுகளில் இந்தத் தேதியைச் சொன்னாலே போதும். ஆஸ்திரேலியா 50 ஓவரில் 434 ஓட்டம். தென்னாப்பிரிக்கா ஒரு பந்தை மிச்சம் வைத்து 438. அன்றைக்கு ஹெர்ஷல் கிப்ஸ் எடுத்தது 175. யாரிடம் கேட்டாலும் 175 என்பதோடு நிறுத்த மாட்டார்கள், "111 பந்தில்" என்று சேர்த்தே சொல்வார்கள். அந்த 111 இல்லாவிட்டால் 175க்கு அர்த்தமே இல்லை. இதே 175ஐ அவர் 170 பந்தில் எடுத்திருந்தால் அன்று நாம் தோற்றிருப்போம்.

ஆக, ஒரு எண்ணைப் பார்த்ததும் "எத்தனையில்?" என்று கேட்கும் பழக்கம் கிரிக்கெட்டில் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கூடைப்பந்துக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

தாளில் என்னென்ன இருக்கிறது

ஆட்டம் முடிந்ததும் வெளியிடப்படும் எண் அட்டவணைக்குப் பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு வரி. கடைசி வரியில் அணியின் மொத்தம்.

பள்ளிகளில் நம் பெண்கள் ஆடும் நெட்பாலில் எந்தக் கோலுக்கும் 1 புள்ளிதான். கூடைப்பந்தில் தூரத்தைப் பொறுத்து மாறும். தரையில் வரைந்திருக்கும் பெரிய வளைவுக்கு உள்ளிருந்து போட்டால் 2, வெளியிலிருந்து போட்டால் 3. இந்த இரண்டு வகையையும் சேர்த்து ஃபீல்டு கோல் என்பார்கள். ஷாட் எடுப்பவரை எதிரணி விதிமீறித் தடுத்தால் தண்டனையாக ஃப்ரீ த்ரோ கிடைக்கும். கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல் போடும் ஷாட் அது, விழுந்தால் 1 புள்ளி. தாளில் 22-50 என்று இருந்தால் 50 தடவை முயன்று 22 விழுந்தது என்று பொருள்.

தவறிய ஷாட்டைக் கைப்பற்றுவது ரீபவுண்ட். எதிரணி தவறவிட்டதை எடுத்தால் டிஃபென்சிவ் ரீபவுண்ட், தன் அணி தவறவிட்டதையே திரும்ப எடுத்தால் ஆஃபென்சிவ் ரீபவுண்ட். நேரே கூடைக்கு வழிவகுத்த பாஸ் அசிஸ்ட். பந்தைப் பறித்தால் ஸ்டீல், எதிரியின் ஷாட்டைக் கையால் தடுத்தால் பிளாக். ஷாட் எடுக்காமலேயே பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது டர்ன்ஓவர். அப்புறம் விதிமீறலைக் குறிக்கும் ஃபவுல், ஆடிய நிமிடங்கள், ஓரத்தில் பிளஸ் மைனஸ் என்று ஒன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகிய ஐந்தில் ஏதாவது மூன்றில் இரண்டு இலக்கம் தொட்டால் டிரிபிள் டபுள். செய்தித் தலைப்பில் அடிக்கடி வரும் சொல் இது. பத்து என்ற எண்ணுக்குத் தனியாக எந்த மகிமையும் கிடையாது என்பது என் எண்ணம். 9 ரீபவுண்ட் எடுத்தவருக்கும் 10 எடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு பந்துதான்.

ஒரே ஆள், இரண்டு ஆட்டம்

சரி, அக்கா வீட்டுச் சண்டைக்கு வருவோம். கோபி பிரையன்டின் இரண்டு ஆட்டங்களை அருகருகே வைக்கிறேன்.

2006 ஜனவரி 22, டொரோண்டோ அணிக்கு எதிராக 81 புள்ளி. ஃபீல்டு கோல் 28-46, அதில் மூன்று புள்ளி ஷாட் 7-13. ஃப்ரீ த்ரோ 18-20.

2016 ஏப்ரல் 13, யூட்டா அணிக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டம், 60 புள்ளி. ஃபீல்டு கோல் 22-50, மூன்று புள்ளி ஷாட் 6-21. ஃப்ரீ த்ரோ 10-12.

இரண்டிலும் அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி ஜெயித்தது. புள்ளியை மறந்துவிட்டு அவர் எத்தனை வாய்ப்பைச் செலவழித்தார் என்று மட்டும் பார்ப்போம். முதல் ஆட்டத்தில் 46 ஷாட், இரண்டாவதில் 50. ஆனால் ஃப்ரீ த்ரோவும் அணியின் வாய்ப்பைத் தின்றுதான் வருகிறது. ஃபவுல் வாங்கித் தவறிய ஷாட், முயற்சிக் கணக்கில் ஏறாது, அதற்குப் பதில் ஃப்ரீ த்ரோ வரிசையில்தான் தெரியும். பொதுவாக இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு வாய்ப்புக்குச் சமம், எனவே ஒன்றுக்கு அரை வாய்ப்பு. ஆனால் சில சமயம் கூடையும் விழுந்து, கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். அது புது வாய்ப்பைச் செலவழிப்பதில்லை. நடுவரிடம் தகராறு செய்ததற்காக எதிரணிக்குக் கொடுக்கும் ஃப்ரீ த்ரோவும் அப்படித்தான். இவற்றையெல்லாம் கழித்துச் சராசரி பார்த்து, ஒரு ஃப்ரீ த்ரோவுக்கு 0.44 வாய்ப்பு என்று ஆய்வாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 2006 ஆட்டத்தில் 46உம், 20ஐ 0.44ஆல் பெருக்கினால் வரும் 8.8உம் சேர்ந்து 54.8 வாய்ப்பு. 2016 ஆட்டத்தில் 50உம் 5.28உம் சேர்ந்து ஏறக்குறைய 55.3 வாய்ப்பு.

நான் முதன்முதலில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டபோது தவறு செய்துவிட்டேனோ என்று திரும்பவும் போட்டேன். இரண்டு ஆட்டத்திலும் அவர் செலவழித்த வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றே! ஒன்றில் 81 புள்ளி வந்தது, மற்றதில் 60. ஒரு வாய்ப்புக்கு எவ்வளவு என்று வகுத்தால் 2006இல் 1.48, 2016இல் 1.09. இதையே இரண்டால் வகுத்துச் சதவீதமாக எழுதுவதற்கு ட்ரூ ஷூட்டிங் என்று பெயர். 81க்கு 73.9 சதவீதம், 60க்கு 54.3 சதவீதம். 2016 வாக்கில் என்பிஏவில் எல்லோருடைய சராசரியுமே ஏறக்குறைய 54 சதவீதம்தான்.

அப்படியானால் அத்தான் சொன்னதுதான் சரியா? முழுக்க இல்லை. ஒரே ஆள் ஐம்பத்தைந்து வாய்ப்பைச் சுமந்து, எதிரணியின் முழுக் கவனமும் தன்மேல் இருக்கும்போது சராசரித் தரத்தைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். அன்று அவருக்கு வயது 37. கடைசிக் கால்பகுதியில் மட்டும் 23 புள்ளி எடுத்து, பின்தங்கியிருந்த அணியை ஜெயிக்க வைத்தார். "நான்கூடப் போடுவேன்" என்று அத்தான் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் 60 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்ட மருமகன் பேச்சும் நிற்காது.

வெறும் ஷாட் சதவீதமும் ஏமாற்றும். ஒருவர் பத்து ஷாட்டில் ஐந்தைப் போடுகிறார், எல்லாம் இரண்டு புள்ளி: 10 புள்ளி. இன்னொருவர் பத்தில் நான்குதான் போடுகிறார், எல்லாம் மூன்று புள்ளி: 12 புள்ளி. சதவீதத்தில் ஐம்பது உயர்ந்தது, புள்ளியில் நாற்பதுதான் உயர்ந்தது. இன்றைய அணிகள் தூரத்திலிருந்து இவ்வளவு எறிவதற்குக் காரணம் இந்தச் சின்னக் கணக்குதான்.

*இதுவரை:* புள்ளி என்பது மொத்த வசூல். அதைச் செலவழித்த வாய்ப்பால் வகுத்தால்தான் ஆட்டக்காரரின் திறன் தெரியும். ஷாட்டும் வாய்ப்பு, ஃப்ரீ த்ரோவும் ஏறக்குறைய அரை வாய்ப்பு.

ரொட்டிக் கணக்கு

இனி ஆட்டக்காரரை விட்டு அணிக்கு வருவோம். இதற்கு நம் ஊர் பனிசௌ கடையே நல்ல உதாரணம். ரொட்டியை நான்காக வெட்டி, நடுவைக் குடைந்து, கறி ஊற்றித் தரும் கடை. எதிரெதிரே இரண்டு கடைகள். பேக்கரி வண்டி காலையில் இருவருக்கும் சமமாக நூறு ரொட்டி இறக்கிவிட்டுப் போகிறது. சாயங்காலம் யாருடைய கல்லாவில் பணம் அதிகம் என்பது, அந்த நூறு ரொட்டியை வைத்து யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்டுக்கறி ஊற்றி விற்றால் ஒரு விலை, பீன்ஸ் ஊற்றி விற்றால் ஒரு விலை. கை தவறிக் கீழே விழுந்தால் ஒன்றும் இல்லை.

கூடைப்பந்தில் அந்த ரொட்டிக்குப் பொசெஷன் என்று பெயர். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். இவர்கள் முடித்ததும் அவர்கள், அவர்கள் முடித்ததும் இவர்கள் என்று மாறி மாறி வருவதால், ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் பொசெஷன் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகவே இருக்கும். நிறையப் பேருக்குத் தெரியாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் இது. டர்ன்ஓவர் என்பது கீழே விழுந்த ரொட்டி. ஆஃபென்சிவ் ரீபவுண்ட் புது ரொட்டி தருவதில்லை, அதே ரொட்டியை இன்னொரு தடவை விற்க வழி தருகிறது.

பொசெஷனைத் தாளிலிருந்தே கணக்கிடலாம். அணியின் மொத்த ஷாட் முயற்சியிலிருந்து ஆஃபென்சிவ் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைக் கூட்டினால் போதும். உதாரணத்துக்கு 85 ஷாட், 10 ஆஃபென்சிவ் ரீபவுண்ட், 13 டர்ன்ஓவர், 25 ஃப்ரீ த்ரோ என்றால் 85 - 10 + 13 + 11 = 99 பொசெஷன். அந்த அணி 108 புள்ளி எடுத்திருந்தால், நூறு பொசெஷனுக்கு ஏறக்குறைய 109.

ஓவர் எண்ணிக்கை ஆட்டத்துக்கு முன்பே தெரியும் கிரிக்கெட்டைப் போல் இது இருப்பதில்லை. வேகமாக ஆடினால் பொசெஷன் கூடும், மெதுவாக ஆடினால் குறையும். 1950 நவம்பர் 22 அன்று நடந்த ஒரு என்பிஏ ஆட்டத்தில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஷாட் எடுக்காமல் நின்றார்கள். இந்த மாதிரி ஆட்டங்களால் பார்ப்பவர்கள் வெறுத்துப் போகவே, 1954-55 பருவத்தில் 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. சைராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் போட்ட கணக்கு அது. நல்ல ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கும், 48 நிமிடம் என்பது 2880 விநாடி, வகுத்தால் 24. மறுகோடியில் 1983 டிசம்பர் 13, டென்வரில் மூன்று கூடுதல் நேரங்கள் ஆடி டெட்ராய்ட் 186-184 என்று வென்றது. 19 எடுத்த அணி தடுப்பில் சூரர்கள், 184 எடுத்த அணி தாக்குதலில் சூரர்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் கையாண்ட ரொட்டி எண்ணிக்கையே வேறு.

இங்கே நமக்குச் சொந்தமான ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் நாஷ் 1974 பிப்ரவரி 7 அன்று ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாகவே தூக்கிக்கொண்டு வெளியேற, கனடாவில் வளர்ந்தார். 2004-05இல் அவர் பீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போனார். டர்பனை அடுத்த நம் பீனிக்ஸ் இல்லை, அரிசோனாவில் உள்ள பீனிக்ஸ். முந்தைய பருவத்தில் 29 ஆட்டம் ஜெயித்த அணி, அவர் வந்ததும் 62 ஜெயித்தது. பந்து கிடைத்ததும் ஓடு, முதல் நல்ல ஷாட்டை எடு என்பதே அவர்கள் வழி. அதனால் புள்ளிகளைக் குவித்தார்கள், நிறையக் கொடுக்கவும் செய்தார்கள். "தடுப்பே தெரியாத அணி" என்று பெயர் விழுந்தது. பொசெஷனால் வகுத்துப் பார்த்தால் அவர்கள் தடுப்பு லீக்கின் நடுப்பகுதியில்தான் நின்றது.

பிரிட்டோரியாவில் 2025 ஜூன் 14 அன்று நடந்த ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் இறுதி ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. லிபியாவின் அல் அஹ்லி திரிபோலி அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டாவை 88-67 என்று வென்றது. "வெறும் 88தானா? என்பிஏவில் 110 சாதாரணமா வருமே" என்றான் மருமகன். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஆப்பிரிக்க லீக் உலகக் கூட்டமைப்பின் விதிப்படி 40 நிமிடம். 40 நிமிடத்தில் 88 என்றால் அதே வேகத்தில் 48 நிமிடத்துக்கு 105க்கு மேல் வரும்.

மோசமாகப் போட்டும் ஜெயித்த அணி

2010 ஜூன் 17, என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். லேக்கர்ஸ் 83, பாஸ்டன் செல்டிக்ஸ் 79. இந்தத் தாளை நான் பல தடவை படித்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

லேக்கர்ஸ் 83 ஷாட் எடுத்து 27 போட்டது, முப்பத்திரண்டரை சதவீதம். பாஸ்டன் 71 எடுத்து 29 போட்டது, கிட்டத்தட்ட 41 சதவீதம். கோபி பிரையன்ட் 24க்கு 6. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் பாஸ்டன்தான் ஜெயித்தது என்று சத்தியம் செய்வார். ஷாட்டில் மட்டும் பாஸ்டனுக்கு 64 புள்ளி, லேக்கர்ஸுக்கு 58.

பொசெஷன் இருவருக்கும் ஏறக்குறைய சமம் என்றோமே, அப்படியிருக்க லேக்கர்ஸுக்கு 12 ஷாட் அதிகமாக எப்படி வந்தது? ஆஃபென்சிவ் ரீபவுண்ட் வரிசைக்குப் போங்கள். லேக்கர்ஸ் 23, பாஸ்டன் 8. தவறவிட்டார்கள், தாங்களே எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். லேக்கர்ஸின் பாவ் கசோல் மட்டும் 9 எடுத்தார். பாஸ்டனின் நடு ஆட்டக்காரர் கென்ட்ரிக் பெர்கின்ஸ் முந்தைய ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். கூடைக்கடியில் இடித்து நிற்க வேண்டிய ஆள் இல்லாமல் போனது எங்கே தெரிகிறது என்றால், அந்த 23இல் தெரிகிறது. கூடைக்கு அருகே மறுபடி மறுபடி மோதினால் ஃபவுலும் வரும். ஃப்ரீ த்ரோ லேக்கர்ஸ் 37க்கு 25, பாஸ்டன் 17க்கு 15. ஷாட்டில் 6 பின்தங்கி, ஃப்ரீ த்ரோவில் 10 முந்தி, 4 புள்ளியில் கோப்பை.

டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் ஓர் அணியின் வெற்றியை நான்காகப் பிரித்தார்: ஷாட் எவ்வளவு நன்றாக விழுகிறது, பந்தை எவ்வளவு பறிகொடுக்கிறார்கள், தவறியதை எவ்வளவு திரும்ப எடுக்கிறார்கள், ஃப்ரீ த்ரோக் கோட்டுக்கு எவ்வளவு போகிறார்கள். இவற்றில் ஷாட்டுக்குத்தான் கனம் அதிகம். ஆனாலும் ஒன்றில் தோற்று மற்றவற்றில் ஈடுகட்டலாம் என்பதற்கு அந்த இரவே சாட்சி.

*இதுவரை:* இரு அணிக்கும் பொசெஷன் சமம். ஒரு பொசெஷனுக்கு எத்தனை புள்ளி என்பதே அணியின் அளவுகோல். மொத்தப் புள்ளியைப் பார்த்துத் தடுப்பையோ தாக்குதலையோ எடைபோட்டால் வேகம் நம்மை ஏமாற்றிவிடும்.

எழுதுகிறவரின் கண்

இந்த எண்கள் தானாக விழுவதில்லை, யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். இங்கே ஒரு பள்ளி அரங்கில் வார இறுதிப் போட்டி நடந்தபோது, ஆள் போதவில்லை என்று என்னை மேசையில் உட்கார வைத்தார்கள். கையில் பென்சில், முன்னால் கட்டம் போட்ட தாள். ஒரு பையன் பந்தை வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, இடப்பக்கம் ஏமாற்றி, வலப்பக்கம் சுழன்று போட்டான். பாஸ் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் உண்டா? பாஸ் நல்ல பாஸ்தான். ஆனால் அப்புறம் நடந்தது எல்லாம் போட்டவனின் சாமர்த்தியம். நான் பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு யோசித்த அந்த மூன்று விநாடிக்குள் பந்து கைமாறிவிட்டது, யார் பறித்தான் என்று நான் பார்க்கவில்லை. அந்த ஸ்டீல் யார் கணக்கிலும் ஏறவில்லை.

தொழில்முறை லீக்கில் ஆட்கள் அதிகம், வீடியோவும் உண்டு. ஆனாலும் அசிஸ்ட் ஒரு தீர்ப்புதான். நைஜீரியாவில் பிறந்த ஹகீம் ஒலாஜுவான் 1990 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட், பிளாக் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டார். அசிஸ்ட் 9. அவருடைய அணி வீடியோவைத் திரும்பப் பார்த்து ஓர் அசிஸ்ட் கூட்டிப் பத்தாக்கியது, லீக் அதை ஏற்கவில்லை. சில வாரத்திலேயே, மார்ச் 29 அன்று, 18 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 11 பிளாக் என்று யாரும் கேள்வி கேட்க முடியாதபடி முடித்தார்.

இன்னொரு பக்கம், எழுதாமல் விட்டதும் உண்டு. ஸ்டீலும் பிளாக்கும் என்பிஏவில் 1973-74 பருவத்திலிருந்துதான் எழுதப்படுகின்றன. 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தின் தாளில் அவர் 63 ஷாட்டில் 36 போட்டது இருக்கிறது, 25 ரீபவுண்ட் இருக்கிறது. எத்தனை பிளாக் என்ற வரிசையே இல்லை. 13 பருவத்தில் 11 கோப்பை வென்ற பில் ரசல் ஒரு பருவத்தில்கூட சராசரி 20 புள்ளி எடுத்ததில்லை. அவர் தடுத்த ஷாட்டுகளைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், அவற்றை எண்ணி வைத்த தாள் இல்லை.

பிளஸ் மைனஸ்

அதிகம் தவறாகப் பேசப்படுவது இந்த வரிசைதான். ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்தால் வருவது பிளஸ் மைனஸ். 40-40 என்று இருக்கும்போது உள்ளே வந்து, 52-45 என்று இருக்கும்போது வெளியே போனால் அவருக்கு +7. அந்த நேரத்தில் அவர் பந்தைத் தொடாமலே இருந்திருந்தாலும் +7தான்.

பனிசௌ கடையையே மறுபடி எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மதியம் கல்லாவில் உட்காரும் பெண்ணின் நேரத்தில் எப்போதும் விற்பனை அதிகம். செவ்வாய்க்கிழமை காலையில் உட்காருபவருக்குக் குறைவு. அதை வைத்து முதலாளி சம்பளத்தைக் கூட்டிக் குறைத்தால் அது அநியாயம். கூட யார் நின்றார்கள், எதிரே யார் வந்தார்கள், எந்த நேரம் என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. களத்தில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் அதே +7.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எந்நேரமும் களத்தில் ஐந்து பேர் இருப்பதால், ஓர் அணியின் எல்லாருடைய பிளஸ் மைனஸையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு வந்தாக வேண்டும். பிரிட்டோரியா இறுதி ஆட்டத்தில் வித்தியாசம் 21, எனவே திரிபோலி அணியின் கூட்டுத்தொகை +105, லுவாண்டா அணிக்கு -105. மருமகனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது எந்தத் தாளைப் பார்த்தாலும் இதைக் கூட்டிப் பார்த்துவிடுகிறான்.

ஒரே ஓர் ஆட்டத்தின் பிளஸ் மைனஸ் கிட்டத்தட்ட எதையும் சொல்லாது. நீங்கள் நன்றாக மறித்து நிற்கிறீர்கள், எதிரணிக்காரர் ஒன்பது மீட்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது மூன்று தடவை விழுகிறது. உங்களுக்கு -9. ஒரு பருவம் முழுக்க, 82 ஆட்டத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் இந்த அதிர்ஷ்டம் ஓரளவு கரைந்துவிடும். அப்போதும் கூட ஆடியவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

அக்கா வீட்டில் இப்போது

நாங்கள் ஒரு வரிசைமுறை வைத்திருக்கிறோம். முதலில் அணியின் மொத்த வரி: ஷாட், ஆஃபென்சிவ் ரீபவுண்ட், டர்ன்ஓவர், ஃப்ரீ த்ரோ. பொசெஷன் எத்தனை என்று போனிலேயே தட்டிப் பார்க்கிறோம். அப்புறம் ஆட்டக்காரர்களின் நிமிடங்கள், அதற்குப் பிறகு யார் எத்தனை வாய்ப்பைச் செலவழித்தார்கள். புள்ளி வரிசை கடைசியில்தான்.

காலையில் தாள் வந்ததும் மருமகன் அந்த வரிசையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அடிவரியிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறான். போன வாரம் அத்தான் தேநீர்க் கோப்பையோடு வந்து, "யாருடா அதிகம்? எத்தனை?" என்று அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இருங்கப்பா, இன்னும் ஃப்ரீ த்ரோவே முடியலை."